இடுப்பு ஒடிந்தால் கடை ஓடுமா?

நமது சங்கக் கூட்டங்களில் பேசப்படாத பொருள் இல்லை. ஜி.எஸ்.டி. பற்றிப் பேசுகிறோம். கடை வாடகை உயர்வு, தொழில் உரிமக் கட்டணம், பெரு நிறுவனங்களும் இணையவழி விற்பனையும் நம் வாடிக்கையாளரைக் கொண்டுபோவது என எல்லாவற்றையும் பேசித் தீர்மானம் போடுகிறோம். நாட்டின் பொருளாதார முதுகெலும்பு வணிகர்களே என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். ஆனால் அந்த வணிகரின் சொந்த முதுகெலும்பு என்ன நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் நாம் பேசுவதே இல்லை. கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது சற்றுக் கவனித்துப் பாருங்கள். நாற்காலியின் கையை ஊன்றி, மறு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா" என்று எழுந்திருப்பவர்கள் எத்தனை பேர்! மருத்துவ முகாம் நடத்தினாலும் ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் என்ற மூன்றோடு முடித்துக்கொள்கிறோம். இடுப்புக்கு என்று முகாம் வைத்த கிளைச் சங்கம் எது?

இது ஏதோ முதுமையின் தொல்லை, சகித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று விட்டுவிடக்கூடிய காரியமல்ல. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 61.9 கோடி பேர் இடுப்பு வலியால் அவதிப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. வேலை செய்ய முடியாமல் மனிதரை முடக்கிப் போடும் காரணங்களில் இதுவே முதலிடத்தில் நிற்கிறது. மாதச் சம்பளக்காரர் முடங்கினால் மருத்துவ விடுப்பு உண்டு. நமக்கு? கடைக்காரர் படுத்தால் கடை படுத்தது. சரக்கு கொடுத்தவர் பாக்கிக்கு வருவார், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். அதனால்தான் நம்மவர்கள் வலியை வெளியே சொல்லாமல் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த மாத்திரையைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். இடுப்பு வலி எல்லாமே டிஸ்க் விலகல் அல்ல. பெரும்பாலானவை தசையும் தசைநாரும் பிடித்துக்கொள்வதால் வரும் சாதாரண வலிதான். சில வாரங்களில் தானே அடங்கிவிடும். டிஸ்க் விலகல் என்பது வேறு. முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் ஐந்து எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில் ஒரு டிஸ்க், அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வது, மெத்தை போல வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல்பக்கம் நார் நாராகச் சுற்றிய உறுதியான வளையம், உள்ளே பசை போன்ற பொருள். பூரணக் கொழுக்கட்டையை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஒரு பக்கமாக அழுத்தினால் மறுபக்கம் மாவில் விரிசல் கண்டு பூரணம் பிதுங்கும் அல்லவா? அதுதான் நடக்கிறது. உண்மையில் டிஸ்க் எங்கும் 'விலகுவது' இல்லை, பிதுங்குகிறது. முன்பக்கமாகக் குனிந்து குனிந்து வேலை செய்பவருக்கு அது பின்பக்கமாகப் பிதுங்கி, அருகே செல்லும் நரம்பில் படுகிறது. இடுப்பின் நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவிலும், ஐந்தாம் எலும்புக்கும் அதற்குக் கீழுள்ள திரிக எலும்புக்கும் நடுவிலும்தான் இது பெரும்பாலும் ஏற்படுகிறது. காலுக்குச் செல்லும் நரம்பு அங்கிருந்து புறப்படுவதால், வலி இடுப்போடு நிற்காமல் புட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் பாய்வது போல் இறங்குகிறது. இருமினால், தும்மினால் சுரீர் என்கிறது. காலில் இறங்கும் இந்த வலிக்கும் டிஸ்க் பிதுக்கத்துக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க அறுவை மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934 இல் எழுதி நிலைநாட்டினார்கள். அதுவரை இது நரம்பில் ஏற்படும் ஏதோ ஒரு வீக்கம் என்றே எண்ணியிருந்தார்கள்.

நம்மிடம் இது ஏன் வருகிறது என்பதற்கு மருத்துவரிடம் போகவேண்டியதில்லை, பழைய வெள்ளிக்கோலை நினைவிருக்கும் வணிகரைக் கேட்டாலே போதும். ஒரு பக்கம் குட்டையான கை, மறு பக்கம் நீண்ட கை. நீண்ட கையின் நுனியில் சிறு எடையை நகர்த்தினால் குட்டைக் கையில் தொங்கும் பெரிய மூட்டையை அது நிறுத்திவிடும். நம் முதுகு இதே கோல்தான், ஆனால் நமக்குப் பாதகமான பக்கத்தில் நிற்கிறது. முதுகுத் தசைகள் எலும்பின் நடுவிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால் இருந்து இழுக்கின்றன. 15 கிலோ எண்ணெய் டின்னை உடலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துத் தூக்கினால், தசைகள் அதற்கு எட்டு மடங்கு, அதாவது ஏறக்குறைய 120 கிலோ இழுவை கொடுக்க வேண்டும். குனிந்த உடலின் சொந்த எடை தனி. அவ்வளவும் ஒரு ஜவ்வின் மேல் இறங்குகிறது. அதே டின்னை வயிற்றோடு அணைத்துத் தூக்கினால் சுமை பாதிக்கும் கீழே வந்துவிடும். கூடவே இடுப்பைத் திருகித் தூக்குவதுதான் மிகக் கெட்டது. கடைக்குள் இடம் இல்லாததால் நாம் பெரும்பாலும் அப்படித்தான் தூக்குகிறோம். ஒரு காலை மூட்டைக்கு இந்தப் பக்கமும் மறு காலைப் படிக்கட்டிலும் வைத்துக்கொண்டு, அடுக்கின் அடியில் இருக்கும் சிப்பத்தை உருவுகிறோம்!

இன்னொன்றும் உண்டு, பலருக்குத் தெரியாதது. டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. இரவில் படுத்திருக்கும்போது அது நீரை உறிஞ்சி ஊதிக்கொள்கிறது, பகலில் சுமை ஏற ஏற நீரை விட்டுச் சுருங்குகிறது. அதனால்தான் காலையில் எழும்போது நாம் மாலையில் இருப்பதைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கிறோம். ஊதியிருக்கும் அந்த அதிகாலை வேளையில் குனிந்தால் டிஸ்க்கின் வளையத்துக்கு இழுவை மிக அதிகம். அதிகாலையில் எழுந்ததும் குனிவதைத் தவிர்த்தாலே நாள்பட்ட வலி குறைவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். இதைப் படிக்கும் கோயம்பேட்டுக் காய்கறி வணிகர் சிரிக்கக்கூடும். 1996 இல் கொத்தவால் சாவடியிலிருந்து அங்கே மாறிய நாளிலிருந்து இன்றுவரை அவருடைய வேலையே விடியுமுன் லாரியை இறக்குவதுதானே. அவருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: எழுந்தவுடன் நேரே மூட்டைக்குப் போகாதீர்கள், அரை மணி நேரமாவது நடந்த பிறகு குனியுங்கள். சீட்டு எழுதுவது, எடை பார்ப்பது முதலில் இருக்கட்டும், தூக்குவது பிறகு.

வலி வந்தபின் நம்மவர்கள் செய்யும் வைத்தியத்துக்கு வருவோம். முதல் கட்டம், அடுத்த தெரு மருந்துக் கடையில் "இடுப்பு வலிக்கு ஒண்ணு குடுங்க" என்பது. நம் சங்கத்திலேயே மருந்து வணிகர்களும் இருக்கிறார்கள். சொல்வதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் சில நாட்களுக்குப் பயன்படும், மறுப்பதற்கில்லை. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் கேடும் வரும். இரண்டாம் கட்டம் பெல்ட். அதைக் கட்டிக்கொண்டால் தைரியமாக இருக்கிறது, அவ்வளவுதான். நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாகப் பெல்ட் போடுவது வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியிருக்கிறது. மூன்றாம் கட்டம் எண்ணெய் தேய்த்து நீவுதல், சுளுக்கு எடுத்தல். இதமாக நீவினால் தசை இளகும், அதில் தவறில்லை. ஆனால் கால் மரத்துப்போயிருக்கும் ஒருவரை முதுகில் முட்டி கொடுத்து முறுக்கி 'டக்' என்று சத்தம் வரவழைப்பதை நாம் எந்த வகையிலும் ஆதரிக்க முடியாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஸ்கேன். எம்.ஆர்.ஐ. அறிக்கை கைக்கு வந்ததும் வணிகர் பாதி உயிர் போய்விடுகிறார். 'எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இனி அறுவைதான், கடையை மைத்துனர் பெயருக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். இங்கே ஒரு செய்தியை நாம் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். 1994 இல் அமெரிக்காவில், இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 100க்கு 52 பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க்கில் புடைப்பு இருந்தது. 100க்கு 27 பேருக்கு அதைவிட ஒரு படி மேலான பிதுக்கமே இருந்தது. வலி? இல்லை. குடோனைச் சோதித்தால் எந்தக் கடையிலும் நாலு பழைய மூட்டைகள் கிடக்கத்தான் செய்யும். இந்த மாத நஷ்டத்துக்கு அதுதான் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியுமா? ஸ்கேனில் தெரிவதும், காலில் வலி இறங்கும் பாதையும், மருத்துவர் காலைத் தூக்கிப் பார்க்கும்போது தெரியும் குறியும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அந்தப் பிதுக்கத்துக்கு மதிப்பு. சர்க்கரை உள்ள வணிகர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. இரண்டு பாதங்களும் மரத்து எரிவது பெரும்பாலும் சர்க்கரையின் வேலை, டிஸ்க்கின் வேலை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு இடுப்புக்கு வைத்தியம் பார்த்தால் பணமும் போகும், நோயும் போகாது.

படுத்தே கிடக்க வேண்டும் என்ற பழைய கட்டளையும் இப்போது இல்லை. பலகைக் கட்டிலில் மூன்று வாரம் அசையாமல் படு என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் படுத்தும் இருக்கிறார்கள். 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடத்திய ஆய்வில், திடீரென இடுப்பு வலி வந்தவர்களில் படுக்கையில் கிடந்தவர்களைவிட, தாங்கக்கூடிய அளவு வழக்கமான நடமாட்டத்தைத் தொடர்ந்தவர்கள் விரைவில் தேறினார்கள். காலில் வலி இறங்கியவர்களை வைத்து நெதர்லாந்தில் நடத்தி 1999 இல் வெளியிட்ட ஆய்விலும், படுக்கை ஓய்வால் தனி நன்மை ஏதும் இல்லை என்றே தெரிந்தது. தாங்க முடியாத வலியில் ஒன்றிரண்டு நாள் படுப்பது வேறு. அதற்கு மேல் படுத்தால் தசைதான் இளைக்கிறது.

இனி இயன்முறை மருத்துவம், நாம் பிசியோதெரபி என்று சொல்வது. இதைப் பற்றி நம்மவர்களிடம் உள்ள எண்ணம் பெரும்பாலும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்: "கரண்ட் வைக்கிறது." படுக்க வைத்து, இடுப்பில் நாலு பட்டையை ஒட்டி, இருபது நிமிடம் குறுகுறுவென்று மின்சாரம் கொடுத்து, எடை கட்டி இழுத்து அனுப்புவது. வணிகரும் அலைபேசியில் ஆர்டர் எடுத்துக்கொண்டே படுத்திருப்பார். நம் கருத்தில் இது பிசியோதெரபியே அல்ல, அதன் வாசற்படி. சூடும் மின்சாரமும் சற்று நேரம் வலியைத் தணிக்கும். இடுப்பை எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் காலில் இறங்கும் வலிக்கும் சாதாரண இடுப்பு வலிக்கும் பெரிதாகப் பயன்படுவதாகத் தெரியவில்லை என்பதே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. நாள்பட்ட வலிக்கு அதையும் அல்ட்ராசவுண்டையும் நரம்பு மின்தூண்டலையும் வழக்கமாகத் தரவேண்டாம் என்று மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன வழிகாட்டியும் கூறுகிறது. உடற்பயிற்சியையும், நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் அது பரிந்துரைக்கிறது.

அப்படியானால் உண்மையான சிகிச்சை எது? இதற்கு நியூசிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1956 இல் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்சி என்ற இயன்முறை மருத்துவரிடம், இடுப்பிலிருந்து காலுக்கு வலி இறங்கிய ஒருவர் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். வாரக்கணக்கில் குணமில்லை. ஒருநாள் அவரைக் குப்புறப் படுத்திருக்கச் சொல்லிவிட்டு மெக்கென்சி வேறு வேலையாகப் போய்விட்டார். முன்பு வந்த நோயாளிக்காக மேசையின் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வந்தவர் அதன்மேலேயே குப்புறப் படுத்து, முதுகு பின்னால் வளைந்த நிலையில் சில நிமிடங்கள் கிடந்தார். திரும்பி வந்து பார்த்த மெக்கென்சி பதறிப்போனார். அந்தக் காலத்தில் அப்படி முதுகைப் பின்னால் வளைப்பது கெடுதல் என்று கருதப்பட்டது. ஆனால் படுத்திருந்தவரோ, இத்தனை வாரத்தில் இப்போதுதான் கால் வலி போயிருக்கிறது என்றார். அந்தத் தற்செயலை மெக்கென்சி தற்செயலாகவே விட்டுவிடவில்லை. 2013 இல் காலமாகும்வரை, எந்த அசைவில் வலி காலிலிருந்து மேலேறி இடுப்புக்குள் சுருங்குகிறது என்பதைக் கண்டறிந்து, அந்த அசைவையே நோயாளிக்கு மருந்தாகக் கொடுக்கும் முறையை வளர்த்தார். இன்று நம் ஊர்களிலும் இயன்முறை மருத்துவர்கள் இதைக் கையாளுகிறார்கள்.

இதில் வணிகர்கள் நினைவில் கொள்ளவேண்டிய ஒரு குறி உண்டு. பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கும், பிறகு தொடைக்கும், பிறகு இடுப்புக்கும் ஏறினால், இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் அது நல்ல அறிகுறி. வலி கீழே கீழே இறங்கினால் அந்தப் பயிற்சி நமக்குச் சரியில்லை, உடனே நிறுத்த வேண்டும். எனவேதான் பக்கத்துக் கடைக்காரர் செய்த பயிற்சியையோ அலைபேசியில் வந்த வீடியோவையோ பார்த்துச் செய்யக்கூடாது என்கிறோம். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்தும் பயிற்சி ஒருவருக்கு அமுதம், நரம்புப் பாதை குறுகிப்போன அறுபது வயதுக்காரருக்கு அதுவே தொல்லை. அவருக்குக் குனிந்தால்தான் சுகம். யாருக்கு எது என்று உடலைச் சோதித்துப் பார்த்துச் சொல்வதுதான் பிசியோதெரபி படித்தவரின் வேலை. கால் எவ்வளவு உயர்கிறது, கட்டைவிரலை மடக்க வலு இருக்கிறதா, நுனிக்காலிலும் குதிகாலிலும் நடக்க முடிகிறதா, எங்கே தொட்டால் உணர்ச்சி குறைவு என்று முதல் நாளே பார்ப்பார். அதையெல்லாம் பார்க்காமல் நேரே மெஷினுக்கு அனுப்பினால் வேறு இடம் தேடுவது நலம்.

வலி அடங்கிய பிறகுதான் இரண்டாம் பாதி தொடங்குகிறது. வயிற்றின் ஆழத்திலுள்ள தசைகளையும் முதுகையொட்டிய தசைகளையும் புட்டத் தசைகளையும் வலுப்படுத்துவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, நான்கு காலில் நின்று ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுவது, நாள்தோறும் நடப்பது, கடைசியாகச் சுமையை எப்படி அணைத்துத் தூக்குவது என்று பழக்குவது. இங்கேதான் நம்மவர்கள் கம்பி நீட்டிவிடுகிறார்கள். மூன்று நாள் போவார்கள், வலி பாதி குறையும், "சீசன் நேரம், கடையில் ஆளில்லை" என்று நின்றுவிடுவார்கள். தீபாவளி முடிந்ததும் மீண்டும் அதே வலியோடு வந்து, பிசியோதெரபி பார்த்தேன், பிரயோசனமில்லை என்பார்கள். ஆறு வாரத் தவணையில் மூன்று நாள் மட்டும் கட்டிவிட்டுக் கணக்குத் தீரவில்லை என்றால் யார் என்ன செய்வது? காலுக்கு இறங்கும் டிஸ்க் வலி பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் அறுவையின்றியே குறைகிறது. பிதுங்கி வெளிவந்த துண்டை உடலே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்வதும் உண்டு, பெரிய துண்டுகள்கூட. அந்த வாரங்களில் உடலைச் சரியான வழியில் வைத்திருப்பதற்குத்தான் இந்தச் சிகிச்சை.

நேரமில்லை என்ற காரணத்தையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை எத்தனை கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம்! பயிற்சியைக் கற்றுக்கொண்டபின் அது வீட்டுத் தரையில் ஒரு பாயை விரித்துச் செய்வதுதான். செலவுக்கு அஞ்சுபவர்கள் அரசு மருத்துவமனைகளின் இயன்முறை மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு வீடு தேடி வந்து பிசியோதெரபி அளிப்பதும் 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அடக்கம். அரசு மருத்துவமனை என்றால் நம்முடைய கௌரவம் இடிக்கிறது. அதே நாம், கமிஷனில் நூற்றுக்கு அரை ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறோம்.

அறுவை வேண்டவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சிறுநீர் கட்டிக்கொண்டு வராமல் போவது அல்லது தன்னறியாமல் போவது, மலம் கட்டுப்பாடு இழப்பது, இரண்டு தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது ஆகிய இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்று கடையைப் பூட்டிவிட்டு நேரே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே மணிக்கணக்குதான் கணக்கு, நாள் கணக்கு அல்ல. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபட்டால் அதையும் தள்ளிப்போடக் கூடாது. இவை இல்லாமல் ஆறு வாரத்துக்கும் மேல் கடும் கால் வலி நீடிப்பவர்களுக்கு அறுவை ஒரு நியாயமான வழி. நெதர்லாந்தில் 2007 இல் வெளியான ஆய்வில், சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி விரைவாக நின்றது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 100க்கு 39 பேர் அந்த ஓராண்டுக்குள் அறுவைக்கு வரவேண்டியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆக அவசரப்படுத்தப்படாமல், அறிந்து முடிவு செய்யவேண்டிய விஷயம் இது. அறுவை செய்தாலும் பிறகு பயிற்சி உண்டு. அதிலிருந்து தப்ப வழியில்லை.

இதுவரை முதலாளிகளின் இடுப்பைப் பற்றியே பேசிவிட்டோம். நம் கடையில் வேலை செய்பவருடைய இடுப்பு? முதலாளிக்கு வலி வந்தால் ஸ்கேன், எலும்பு மருத்துவர், பிசியோதெரபி. சுமைப்பணித் தொழிலாளிக்கு வலி வந்தால் ஒரு மாத்திரை, மறுநாள் வேறு ஆள். பல கடைகளில் நடப்பது இதுதான், கசந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018 இல் கேரளமும், 2021 இல் நம் தமிழகமும் சட்டத் திருத்தம் கொண்டுவந்தன. நம்மில் சிலர் அதைக் கூடுதல் தொல்லையாகவே பார்த்தார்கள். ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நின்று சேலை பிரித்துக் காட்டும் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல் போடுவதால் எந்த முதல் கரைந்துவிட்டது? நெடுநேரம் நிற்பதும் நெடுநேரம் உட்கார்ந்தே இருப்பதும் இடுப்புக்கு ஆகாது, மாற்றி மாற்றி இருக்க வேண்டும் என்பது கல்லாவில் இருப்பவருக்கும் பொருந்தும் உண்மை.

மூட்டையின் எடைதான் பெரிய விவகாரம். ஒரு ஆண் தொழிலாளி தனியே சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967 இலேயே பரிந்துரைத்தது. நம் மண்டிகளில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் 100 கிலோ மூட்டைகள் முதுகில் ஏறின. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் 1991 இல் திருத்தியமைத்த கணக்கின்படி, எல்லா வசதியும் சரியாக இருந்தாலும் கையால் தூக்கத்தக்க எடை 23 கிலோதான். இதற்கிடையே நம் நாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளில் அடைத்த அரிசிக்கு 5 சதவீத வரி வந்ததும், 26 கிலோ சிப்பம் சந்தைக்கு வந்துவிட்டது! வரிக்காக ஒரே வாரத்தில் பையின் அளவை மாற்ற முடிந்த நமக்கு, இடுப்புக்காக 50 கிலோ மூட்டையைப் பாதியாக்க மட்டும் முடியாதா?

முடியாது என்பவர்கள் சொல்லும் காரணம் கூலி. ஏற்று இறக்குக் கூலி மூட்டைக் கணக்கில் இருக்கிறது. மூட்டை இரண்டானால் கூலி இரட்டிப்பாகும் என்று வணிகர் அஞ்சுகிறார். குவிண்டால் கணக்குக்கு மாற்றினால், அதே பணத்துக்கு இரண்டு நடை நடக்கவேண்டுமே என்று தொழிலாளர் மறுக்கிறார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. தள்ளுவண்டி வாங்கிப் போட்டால் ஒரே நடையில் ஆறு சிறு சிப்பங்கள் போகும், ஆனால் அதனால் ஆள் குறைப்பு வருமோ என்பது தொழிலாளர் தரப்பின் அடுத்த கவலை. ஆள் குறைப்பு இல்லை என்று எழுத்தில் கொடுத்து, கூலியை மூட்டைக்கும் குவிண்டாலுக்கும் இடைப்பட்ட ஒரு விகிதத்தில் நிர்ணயித்து, சக்கரம் ஓடும்படி குடோன் வாசலில் ஒரு சாய்தளம் கட்டிக்கொடுப்பதாக மொத்த வியாபாரிகள் முன்வந்தால் பேச்சுவார்த்தைக்கு இடமுண்டு. தராசுத் தட்டையும் அடுக்குப் பலகையையும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவைப்பது இதைவிட எளிது, அதற்கு யாரிடமும் பேசவேண்டியதில்லை.

அத்துடன் இன்னொரு ஏற்பாட்டையும் கிளைச் சங்கங்களின் பரிசீலனைக்கு வைக்கிறோம். இடுப்பு வலியால் சிகிச்சையில் இருக்கும் தொழிலாளிக்கு அந்த ஆறு வாரம் எடை போடும் வேலை, சீட்டு எழுதும் வேலை, சரக்கைச் சரிபார்க்கும் வேலை கொடுத்து, வாரம் மூன்று பிற்பகல் அவரை மருத்துவமனைக்கு அனுப்புவது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள கடைகளில் சிகிச்சைச் செலவும் நம் தலையில் விழாது. எந்தக் கடைக்கு அந்த வாரங்களில் மாற்று ஆள் தேவை என்பதைக் கிளைச் செயலாளரிடம் சொன்னால், பக்கத்துக் கடைகளுக்குள்ளேயே ஆளை மாற்றிக்கொள்ளலாம். பண்டிகைக் காலத்தில் சரக்கையே ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்ளும் நமக்கு இது புதிய பழக்கமல்ல.